கடல்குதிரைக் குஞ்சு வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தொட்டியில் கடல்குதிரை ஜோடி வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் விடிகாலையில் இது நடக்கும். விளக்கைப் போட்டால், தண்ணீர் முழுக்கக் காற்புள்ளி மாதிரி நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மிதந்துகொண்டிருக்கும். எனக்கு அது முதன்முறை நடந்தபோது வீட்டில் அவற்றுக்குத் தீனி என்று எதுவுமே இல்லை. ஒன்பதாவது நாள் கடைசிக் குஞ்சும் போய்விட்டது. அப்புறம் நான்கு ஈற்று வளர்த்துப் பார்த்துவிட்டேன். நண்பர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் இருப்பது நியூ ஜெர்சியில். வளர்ப்பது பண்ணையில் பிறந்த ஹிப்போகாம்பஸ் எரெக்டஸ் என்ற இனம். கீழே சொல்லும் அளவுகள் அந்த இனத்துக்கானவை.

தமிழ்நாட்டில் வீட்டில் கடல்குதிரை வளர்க்கலாமா?

கூடாது. இந்தியாவில் 2001 முதல் கடல்குதிரைகள் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடிப்பது, விற்பது, கருவாடாகக் காயவைத்து வைத்திருப்பது எல்லாமே குற்றம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல்புல் படுகைகளில் வாழும் இவை இழுவை வலையில் சிக்கி, காய்ந்த சரக்காக வெளிநாட்டு மருந்துச் சந்தைக்குப் போவது பல காலமாக நடந்துவந்தது. உலக அளவிலும் 2002இல் எல்லாக் கடல்குதிரை இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2004 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே இந்தப் பக்கம், பண்ணைக் கடல்குதிரைகளைச் சட்டப்படி வாங்க முடிந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு. ஊரில் இருந்துகொண்டு கடல் மீன் குஞ்சு வளர்க்க ஆசைப்படுபவர்கள் கோமாளி மீனில் தொடங்கலாம். மண்டபத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் அதற்கான முறைகளை நன்றாக உருவாக்கி வைத்திருக்கிறார்கள். குஞ்சுத் தீனிக்காக ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிரியை வளர்ப்பது, ஆர்டீமியா என்ற சின்ன உயிரியைப் பொரிப்பது என்று கைவேலை ஏறக்குறைய இதேதான்.

எந்த இனத்தில் தொடங்குவது?

குஞ்சு பிறக்கும்போது எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுங்கள். வாய் பெரிதாக இருந்தால் தீனிக் கவலை பாதி குறையும். எரெக்டஸ் குஞ்சு ஏறத்தாழ 1 செ.மீ. இருக்கும். பிறந்த அன்றே ஆர்டீமியாவைப் பிடித்துத் தின்னும். ரெய்டி, குடா இனக் குஞ்சுகள் அதைவிடச் சிறியவை. முதல் சில நாட்களுக்கு ரோட்டிஃபரோ கோப்பிபாட் என்ற பொடி மிதவை உயிரியோ கொடுத்தால்தான் நன்றாகத் தேறும். மேலும் அவை இரண்டு மூன்று வாரம் எதையும் பற்றாமல் நடுநீரிலேயே மிதக்கும். அதனால் முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துப் பெருவயிற்றுக் கடல்குதிரையின் குஞ்சு 2 செ.மீ. வரை இருக்கும். வளர்ப்பது எளிது, ஆனால் குளிர்ந்த நீர் வேண்டும், நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் முடியாது. ஃப்ளோரிடா பக்கத்துக் குள்ளக் கடல்குதிரை வளர்ந்தாலும் ஓர் அங்குலம்தான். ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு டஜன் குஞ்சுதான் வரும். ஆனால் ஆயுள் முழுக்க உயிருள்ள ஆர்டீமியாதான் தின்னும்.

எந்த இனமானாலும் பண்ணையில் பிறந்ததையே வாங்குங்கள். இந்த நாட்டில் ஹவாயின் கோனாவில் 1998 முதல் கடல்குதிரைக்கென்றே ஒரு பண்ணை நடக்கிறது. கடலில் பிடித்த கடல்குதிரை உறைந்த தீனியைப் பெரும்பாலும் தொடாது. கூடவே நோயையும் கொண்டுவரும்.

ஆண் சினையாக இருப்பது எப்படித் தெரியும்? எப்போது ஈனும்?

பெண், முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் விட்டுவிடும். அதோடு அவள் வேலை முடிந்தது. பிறகு ஆணின் பை நாளுக்கு நாள் உருண்டு திரளும், தோல் இழுபட்டுப் பளபளக்கும். தண்ணீரின் சூட்டைப் பொறுத்து இரண்டு முதல் மூன்று வாரம். கடைசி ஓரிரு நாட்களில் ஆண் சரியாகச் சாப்பிடாது, ஒரு மூலையில் வாலைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்கும். பிறப்பு பெரும்பாலும் இரவிலோ விடிவதற்கு முன்போ நடக்கும். உடம்பை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி, பீய்ச்சுவது போலக் குஞ்சுகளை வெளியே தள்ளும். அந்தப் பாட்டைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

இன்னொன்று. ஈன்ற சில நாட்களிலேயே ஆண் அடுத்த சினைக்குத் தயாராகிவிடும். ஒரு குஞ்சுத் தொகுதியை வளர்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று வந்தால் இரண்டுமே கெடும். முடிந்தால் ஜோடியைக் கொஞ்சநாள் பிரித்து வையுங்கள்.

குஞ்சுகளைப் பெற்றோரின் தொட்டியிலேயே விடலாமா?

விடலாம், ஆனால் பிழைக்காது. பெரியவை தின்றுவிடும் என்பதற்காக இல்லை, ஃபில்டர் இழுத்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த அளவு நீரில் தீனியும் சிதறிப்போகும். பிறப்பை எதிர்பார்க்கும் வாரத்தில் ஃபில்டரின் வாயில் ஸ்பாஞ்ச் கட்டிவிடுங்கள். குஞ்சுகளை வலையால் அள்ளாதீர்கள். காற்றில் தூக்கினால் காற்றை விழுங்கும். சின்னக் கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தண்ணீரோடு சேர்த்தே மொண்டு மாற்ற வேண்டும்.

ஓர் ஈற்றில் எத்தனை குஞ்சு வரும்? எத்தனையை வளர்ப்பது?

தலையீற்றில் ஐம்பது நூறு வரும். நன்றாக வளர்ந்த ஆணிடம் சில நூறு. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். இருநூறு குஞ்சையும் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. இருநூறு குஞ்சுக்குத் தீனி போதாமல், போட்ட தீனி அழுகி, தண்ணீர் கெட்டு, கடைசியில் இருபதுகூட மிஞ்சவில்லை. அடுத்த ஈற்றில் நாற்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதினேழு மூன்று மாதத்தைத் தாண்டின.

ஆகவே முதல்முறை வளர்ப்பவர்கள் ஐம்பதுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நிமிர்ந்து நிற்பவை, முதல் நாளே தீனியைக் குறிபார்த்துக் கொத்துபவை, இவற்றைப் பொறுக்கி எடுங்கள். மிச்சத்தை வேறு வளர்ப்பவர்களுக்குக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். கொடுக்க ஆளில்லை என்றால், பட்டினியில் நாலு நாள் இழுத்துக்கொண்டு கிடக்க விடுவதைவிடக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் வலியில்லாமல் உறங்க விடுவது மேல். இதைச் சொல்வதற்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் கடலில் பிறக்கும் ஆயிரத்தில் ஐந்துகூடப் பெரிதாவதில்லை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவ்வளவு குஞ்சு பிறப்பதே அதனால்தான்.

குஞ்சுத் தொட்டி எப்படி இருக்க வேண்டும்?

20 முதல் 40 லிட்டர் போதும். மூலை இல்லாமல் உருண்டையாக இருந்தால் நல்லது. கடல் ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர்களையும் சொறிமீன்களையும் வளர்க்க கிரைசல் என்று ஒரு தொட்டி உண்டு. அந்த ஜெர்மன் சொல்லுக்குப் பம்பரம் என்று பொருள். உள்ளே தண்ணீர் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும், உயிர்கள் அடியிலும் தங்காது, மேலேயும் ஒட்டாது. வீட்டில் அதை ஒரு வட்டமான தொட்டியாலும் ஏர் பம்பாலும் செய்துவிடலாம். ஏர் ஸ்டோன் மாட்டாதீர்கள், பொடிக் குமிழிகளைக் குஞ்சு விழுங்கிவிடும். வெறும் குழாயைச் சுவரோரமாக விட்டு, குமிழி ஒவ்வொன்றாக எழும்பும்படி வைத்தால் தண்ணீர் தானே சுழலும்.

மணல், கல் எதுவும் வேண்டாம், அடி வெறுமையாக இருக்கட்டும். பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடுங்கள். மூடாவிட்டால் வெளியே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சும் தீனியும் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் தண்ணீரைப் பெற்றோரின் தொட்டியிலிருந்தே எடுங்கள். சூடு 22 முதல் 24 டிகிரி. இதற்கு மேல் போனால் விப்ரியோ என்ற பாக்டீரியா வேகமாகப் பெருகும். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.022 முதல் 1.025. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்.

பெரிய தொட்டிக்குள்ளேயே மெல்லிய வலைத்துணிச் சன்னல் வைத்த சின்னத் தொட்டியைத் தொங்கவிடுவதும் ஒரு வழி. இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். பெரிய தொட்டியின் நீர் உள்ளே வந்து போவதால் அம்மோனியா ஏறுவதில்லை. சூடும் மாறுவதில்லை.

குஞ்சுக்கு என்ன தீனி?

எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. குழல் போன்ற வாயால் உறிஞ்சியது நேராகக் குடலுக்குப் போய்ச் சீக்கிரமே வெளியே வந்துவிடும். குஞ்சு பகல் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். தீனி உயிரோடு, கண்ணெதிரே, வாய்க்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தூளோ செத்த தீனியோ போட்டால் திரும்பிப் பார்க்காது. ஆகவே ஆணின் பை உருள ஆரம்பித்த அன்றே தீனி வேலையையும் தொடங்கிவிடுங்கள். குஞ்சு பிறந்த பிறகு ஆர்டீமியா முட்டை வாங்கப் போனால் நேரம் போதாது.

தீனி, ஆர்டீமியா. உப்பளத்திலும் உப்பு ஏரியிலும் வாழும் இத்துனூண்டு உயிரி. தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. இதன் முட்டை காய்ந்த நிலையில் வருடக்கணக்கில் கெடாது. கடைகளில் டப்பாவில் வருவது பெரும்பாலும் அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள கிரேட் சால்ட் ஏரியிலிருந்து. சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வகையும் உண்டு. அது சற்றுச் சிறியதாகப் பொரிக்கும், சின்ன வாய்க் குஞ்சுகளுக்கு நல்லது. நல்ல முட்டை ஒரு கிராமில் 2 லட்சத்துக்கு மேல் பொரியும்.

ஆர்டீமியாவை எப்படிப் பொரிப்பது?

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, அடியை வெட்டிவிட்டு, மூடி வழியாகக் காற்றுக் குழாயைச் செருகுங்கள். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கடல் உப்பு, 2 கிராம் முட்டை. அதற்கு மேல் போட்டால் பொரிப்பு குறையும். காற்று பலமாக, விளக்கு பக்கத்தில், சூடு 26 முதல் 28 டிகிரி. ஒரு நாளில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில் படியும். பொரித்த நாப்ளி வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். (இறால் பொரிப்பகங்களில் இதை நாப்ளி என்றுதான் சொல்வார்கள்.) அதைச் சின்னக் குழாயால் உறிஞ்சி, 120 மைக்ரான் சல்லடையில் அலசுங்கள். பொரித்த தண்ணீரை ஒருபோதும் குஞ்சுத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது பாக்டீரியாக் குளம்.

தினமும் தடையில்லாமல் கிடைக்க இரண்டு பாட்டில் வேண்டும். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் போட்டுவிட்டால் எப்போதும் புதிது கிடைக்கும்.

ஆர்டீமியா முட்டையின் ஓட்டை நீக்குவது அவசியமா?

என் அனுபவத்தில் அவசியம். ஓடு குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும். அதோடு பாக்டீரியாவும், குஞ்சைக் கொட்டிக் கொல்லும் ஹைட்ராய்டு என்ற உயிரியும் தொட்டிக்குள் வருவது அந்த ஓட்டில் ஒட்டிக்கொண்டுதான். முட்டையை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வாசனை சேர்க்காத பிளீச்சில் போட்டுக் கிளறுங்கள். பழுப்பு வெள்ளையாகி, பிறகு ஆரஞ்சாகும். சில நிமிடம்தான். கலவை சூடாகும், பனிக்கட்டி பக்கத்தில் இருக்கட்டும். ஆரஞ்சானதும் சல்லடையில் கொட்டி, பிளீச் வாடை போகும்வரை குழாய் நீரில் கழுவுங்கள். மிச்ச குளோரினைச் சோடியம் தயோசல்ஃபேட் முறித்துவிடும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், கையுறை போடுங்கள். ஒரே தடவையில் ஒரு வாரத்துக்குச் செய்து கெட்டியான உப்புநீரில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

சத்தேற்றுவது என்றால் என்ன?

புதிதாய்ப் பொரித்த நாப்ளிக்கு வாய் திறந்திருக்காது. தன் மஞ்சள் கருவில்தான் வாழும். அந்தக் கரு இருக்கும்வரை அது குஞ்சுக்கு நல்ல தீனி. நேரம் போகப் போக அது கரைந்து, வெறும் கூடாகிவிடும். ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் தோலுரித்துத் தானும் தின்ன ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து டி.எச்.ஏ. என்ற கொழுப்பு நிறைந்த பாசித் தூளையோ எண்ணெய்க் குழம்பையோ அதன் தண்ணீரில் கலந்து, 12 மணி நேரம் விட்டால் அதன் குடல் நிறைந்துவிடும். குஞ்சு அதைத் தின்னும்போது அந்தச் சத்தும் உள்ளே போகிறது.

முதல் இரண்டு மூன்று நாள் புதிதாய்ப் பொரித்ததையே கொடுங்கள். அப்புறம் சத்தேற்றியது. வெறும் ஆர்டீமியாவிலேயே ஓட்டினால் இரண்டாவது வாரத்தில், தின்றுகொண்டிருக்கும்போதே குஞ்சுகள் சாகும். பலருக்கு இது புரியாத புதிராக இருக்கிறது.

ஒரு நாள் வேலை எப்படிப் போகும்?

காலையில் விளக்கு போடும் முன் அடியைச் சின்னக் குழாயால் சைஃபன் செய்து, கழிவையும் இறந்த குஞ்சுகளையும் எடுப்பேன். உள்ளே தொங்கவிடாத தனித் தொட்டி என்றால் தினமும் கால்வாசியிலிருந்து பாதி நீர் மாற்ற வேண்டும். புது நீரின் உப்பும் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு முதல் தீனி. மில்லிலிட்டருக்கு 3 முதல் 5 நாப்ளி இருந்தால் போதும். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணே அளவு சொல்லிவிடும். பகலில் மூன்று நான்கு தடவை இதேபோல. மாலையில் மறுபடி சைஃபன். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன், குஞ்சும் ஓய்வெடுக்கட்டும்.

குஞ்சின் கழிவைக் கவனியுங்கள். அதில் முழு நாப்ளி ஆரஞ்சு நிறத்திலேயே வெளியே வந்தால் தீனி கூடிவிட்டது. ஒன்று செரிப்பதற்குள் அடுத்தது தள்ளிவிடுகிறது. அளவைக் குறைத்து, தடவையைக் கூட்டுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களால் முடியுமா என்றும் கேட்கிறார்கள். மதியம் ஒரு தடவை தீனி போட வீட்டில் யாராவது இருந்தால் முடியும். யாரும் இல்லையென்றால் இந்த ஈற்றை விட்டுவிடுங்கள், விடுமுறை எடுக்க முடிந்த மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

குஞ்சு மேலேயே மிதக்கிறது, கீழே வர முடியவில்லை. என்ன செய்வது?

காற்றை விழுங்கியிருக்கும். மேலே இருக்கும் நாப்ளியைக் கொத்தும்போது காற்றும் போய்விடும். நீரின் மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் குஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு தப்ப முடியாது. சமையலறைத் தாளை மெதுவாக மேலே படரவிட்டு எடுத்தால் படலம் வந்துவிடும். மேல் விளக்கின் வெளிச்சத்தைக் குறையுங்கள், சுழற்சியைச் சற்றுக் கூட்டுங்கள். ஒன்றிரண்டு மிதப்பது சகஜம், சில தானாகவே சரியாகும். பத்தில் மூன்று மிதந்தால் தொட்டி அமைப்பில்தான் கோளாறு.

சுவரில் வெள்ளையாகப் பூந்தண்டு போல முளைத்திருக்கிறது. அது என்ன?

ஹைட்ராய்டு. சொறிமீனின் உறவு. கொடுக்கு உண்டு, குஞ்சைக் கொட்டியே கொன்றுவிடும். நாப்ளியைத் தின்று ஒரு வாரத்தில் தொட்டி முழுக்கப் படரும். பார்த்தவுடன் குஞ்சுகளைக் கிண்ணத்தால் வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, பழையதை பிளீச்சில் ஊறவைத்துக் காய வையுங்கள். ஃபென்பென்டசோல் என்ற பூச்சி மருந்தும் கொல்லும், ஆனால் அது நத்தைகளையும் சில புழுக்களையும் சேர்த்துக் கொல்லும். ஒரு தடவை போட்ட தொட்டியில் பிறகு அவற்றை வளர்ப்பது கஷ்டம். என்னிடம் இரண்டு குஞ்சுத் தொட்டி இருக்கின்றன. வாரம் ஒருமுறை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

ஒன்றை ஒன்று வாலால் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றனவா?

சண்டை இல்லை. பற்றிக்கொள்ள எதையாவது தேடுகின்றன. எரெக்டஸ் குஞ்சுகள் முதல் வாரத்திலிருந்தே வாலைச் சுற்ற இடம் தேடும். எதுவும் இல்லையென்றால் பக்கத்துக் குஞ்சின் கழுத்தையோ வாய்க் குழலையோ சுற்றிக்கொள்ளும். நைலான் நூல், மெல்லிய பிளாஸ்டிக் வலை, பிளாஸ்டிக் புல் போன்றவற்றைத் தொங்கவிடுங்கள். முதன்முதலாக ஒரு குஞ்சு நூலில் வாலைச் சுற்றி நிமிர்ந்து நின்று தீனிக்காகக் காத்திருப்பதைப் பார்த்த அன்று நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உறைந்த தீனிக்கு எப்போது பழக்குவது?

ஆறிலிருந்து எட்டு வாரத்தில். மைசிஸ் என்ற, இறால் மாதிரியான சின்ன உயிரியை உறைந்த நிலையில் வாங்கிப் பிளேடால் பொடிப்பொடியாக வெட்டி, காலையில் பசியோடு இருக்கும்போது உயிருள்ள தீனிக்கு முன்னால் போடுங்கள். சுழற்சியில் அது அசைந்தால் உயிருள்ளது என்று கொத்தும். அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிட்டு வழக்கமான ஆர்டீமியா. ஒன்று கொத்தினால் மற்றவையும் பார்த்துப் பழகும். இரண்டு மூன்று வாரமாகலாம். அவசரப்பட்டு உயிருள்ள தீனியை நிறுத்தினால் வளர்ந்த குஞ்சையும் இழப்பீர்கள்.

வளர்ந்த குஞ்சுகளை என்ன செய்வது? கடலில் விடலாமா?

கடலில் மட்டும் விடாதீர்கள். இந்த இனம் இதே நியூ ஜெர்சிக் கரையோரக் கழிமுகங்களிலும் வாழ்கிறது. இருந்தாலும் தொட்டியில் வளர்ந்தது தொட்டி நோயையும் கடலுக்குக் கொண்டுபோகும். நாலைந்து மாதத்தில் ஆண்களுக்குப் பை தெரிய ஆரம்பிக்கும். அப்போது ஆண் பெண் பிரித்து, வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் இரண்டு வாரமாவது மைசிஸ் மட்டுமே தின்று நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மைசிஸ், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, தண்ணீரின் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்தனுப்புங்கள். நான் ஒரு பொட்டலம் உறைந்த மைசிஸும் சேர்த்தே கொடுப்பேன், புது வீட்டில் முதல் வாரம் அதே தீனியாக இருக்கட்டும் என்று.